மரத்தில் வாழும் பல்லிக்கு அறிவியல் பெயர் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் படம் எடுத்தாயிற்று. அதன் அறிவியல் பெயர் என்ன, எந்தக் குடும்பம், பதிவேட்டில் எப்படி எழுதுவது? இந்தக் கேள்வியோடு வரும் புதியவர்களோடு பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். முதலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்புறம் அந்தப் பெயருக்குப் பொருந்தும் அடையாளங்களை உடலில் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். உடல் முதலில், பெயர் கடைசியில்.

ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி, வீட்டுப்பல்லி எல்லாவற்றையும் சேர்த்து இங்கே 'பல்லி' என்றே சொல்கிறேன். அறிவியல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது வாசிக்க வசதியாக இருக்கும் என்பதற்காக. பதிவேட்டில் ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். விலங்கியல் பெயரிடல் விதிகள் அதை மட்டுமே ஏற்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு படம் போதாது. குறைந்தது ஐந்து வேண்டும். தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று; கண், செவிப்பறை, உதட்டுச் செதில்கள் மூன்றும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். முதுகு முழுவதும் தெரியும் படம் ஒன்று. விலாப்பக்கம் ஒன்று. பாதமும் விரல்களும் ஒன்று. முடிந்தால் வயிறும் கழிவாய்ப் பகுதியும் ஒன்று. புதியவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் முகத்தின் அழகான நெருக்கப் படம் மட்டும்தான். அதை வைத்துப் பேரினத்துக்கு (அறிவியல் பெயரின் முதல் சொல்) மேல் போக முடியாமல் நின்ற நாட்கள் எனக்கு நிறைய.

அளவு தெரிய ஒரு அளவுகோல் வேண்டும். நீளம் என்றால் மூக்கு நுனி முதல் கழிவாய் வரை உள்ள நீளம். வாலைத் தனியாக எழுதுங்கள். மரப்பல்லிகளிலும் (வீட்டுப்பல்லியும் சேர்ந்த கெக்கோ கூட்டத்தை இப்படிச் சொல்கிறேன்) அரணைகளிலும் வால் அறுந்து மறுபடி முளைத்திருக்கலாம், அதையும் சேர்த்து எழுதிய மொத்த நீளத்தால் எந்தப் பயனும் இல்லை.

இடம், தேதி, நேரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், தண்டிலா கிளை நுனியிலா என்பதை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். 'காட்டோரம்' என்பது இடக்குறிப்பு ஆகாது. இந்த ஒரு குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பது எட்டாம் படியில் புரியும்.

பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் நாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் சாதாரணமாகத் தெரியும் பல்லிகூடப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. நல்ல படங்கள் இருந்தால் பெரும்பாலும் பிடிக்கத் தேவை இருக்காது.

2. 'மரவாழ்' என்ற சொல்லை ஓரமாக வையுங்கள்

மரத்தில் வாழ்வது ஒரு பிழைப்பு முறை, வம்சம் அல்ல. ஓணான் குடும்பம், பச்சோந்திக் குடும்பம், மரப்பல்லிகள், அரணைகள், உடும்புகள், இகுவானாக்கள் என்று ஒன்றுக்கொன்று தூரமான கூட்டங்கள் தனித்தனியாக மரமேறியிருக்கின்றன. ஒரே பிழைப்பு ஒரே மாதிரி உடலைக் கொடுத்துவிடுகிறது. உடல் ஒல்லியாகிறது, வால் நீள்கிறது, விரல் பற்றுகிறது, நிறம் பச்சையாகிறது. இவற்றை உறவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால் முதல் படியிலேயே தவறிவிடுவீர்கள்.

இதற்கு அமெரிக்கப் பக்கத்துப் பல்லிகளான அனோலிஸ் பேரினத்தை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய கரீபியத் தீவுகளில் மரத்தின் உச்சியில் வாழும் பெரிய வகை, மெல்லிய குச்சியில் வாழும் குட்டைக்கால் வகை, அடித்தண்டில் வாழும் நெடுங்கால் வகை என்று வாழிடத்துக்கு ஏற்ற வடிவங்கள் பெரும்பாலும் அந்தந்தத் தீவிலேயே தனியாக உருவாகியிருக்கின்றன. ஒரு தீவின் குச்சி வகைக்கு நெருங்கிய சொந்தம் பக்கத்துத் தீவின் குச்சி வகை என்று நினைப்போம். பெரும்பாலும் அதே தீவின் வேறு வடிவம்தான் நெருங்கிய சொந்தமாக இருக்கும்.

ஆகவே வாழிடத்தைக் குறிப்பில் எழுதுங்கள். பெயர் தேடும் வேலையில் அதைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

3. ஊர்ப்பெயரை எழுதி வையுங்கள், நம்பாதீர்கள்

தமிழில் 'பச்சோந்தி' என்று சொன்னவுடன் நிறம் மாறும் எதையும் நினைத்துக்கொள்கிறோம். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தொண்டையும் சிவக்கும் ஆண் ஓணானையும் பலர் பச்சோந்தி என்கிறார்கள். உண்மையான பச்சோந்தி கமீலியோ சைலானிகஸ். இரண்டும் வேறு வேறு குடும்பம். அமெரிக்காவிலும் இதே கதைதான்: அங்கே அனோலிஸ் கரோலினென்சிஸ் நெடுங்காலமாகப் பச்சோந்தி என்ற பெயரில் விற்கப்பட்டது.

ஊர்ப்பெயரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர் எதை எப்படி அழைக்கிறார் என்பது மதிப்புள்ள தகவல். அதற்கென்று பதிவேட்டில் தனிக் கட்டம் வையுங்கள்.

4. முதலில் குடும்பம்: கண், பாதம், தலைச்செதில், பல்

எடுத்த எடுப்பில் சிற்றினத்துக்கு (பெயரின் இரண்டாம் சொல்) போகாதீர்கள். குடும்பம் தவறினால் அதற்குக் கீழே செய்த வேலை எல்லாம் வீண். பார்க்க வேண்டிய வரிசை இது.

கண்ணில் தொடங்குங்கள். இமை அசைகிறதா? கண்ணை மூடவே முடியாமல் பளிங்கு போன்ற சவ்வு மூடியிருந்தால் அநேகமாக மரப்பல்லிக் கூட்டம், அதாவது கெக்கோட்டா. அதிலும் யூப்ளெஃபாரிடே என்ற ஒரு குடும்பத்துக்கு மட்டும் அசையும் இமை உண்டு. கண்மணி செங்குத்துப் பிளவாக இருந்தால்தான் மரப்பல்லி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது இரவில் திரிபவற்றுக்குப் பொருந்தும். மடகாஸ்கரின் பெல்சுமா பகலில் திரியும் பச்சை நிறப் பல்லி, கண்மணி வட்டம், ஆனாலும் மரப்பல்லிதான். கண் தனித்தனியாகச் சுழலும் கூம்பு மாதிரி இருந்தால் பச்சோந்தி, அதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது பாதம். பச்சோந்தியின் விரல்கள் இரண்டு கொத்துகளாக ஒட்டியிருக்கும்: முன்பாதத்தில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்பாதத்தில் அப்படியே தலைகீழ். விரலடியில் அகன்ற ஒட்டுத்தகடுகள் இருந்தால் உடனே மரப்பல்லி என்று எழுதிவிடாதீர்கள். அனோலிஸுக்கும் அவை உண்டு, நியூகினியின் சில அரணைகளுக்கும் உண்டு. தகடும் இருந்து இமையும் அசைந்தால் அனோலிஸ் பக்கம் யோசியுங்கள்.

மூன்றாவது தலைச்செதில். தலைக்கு மேல் பெரிய, இருபுறமும் சமமான கேடயம் போன்ற செதில்கள், உடலில் ஓடு வேய்ந்தது போல வழவழப்பான செதில்கள் என்றால் அரணைக் குடும்பம், சின்சிடே. தலை முழுவதும் சிறிய ஒழுங்கற்ற செதில்கள் என்றால் ஓணான் அல்லது இகுவானா பக்கம். நீண்ட கழுத்து, பிளந்த நாக்கு, மணி கோத்தது போன்ற செதில் என்றால் உடும்பு, வரானிடே. உடும்பு என்றாலே தரையில் நடப்பது என்று நினைப்பவர்களுக்கு நியூகினியின் வரானஸ் பிராசினஸைக் காட்டுவேன். பச்சை உடல், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால்.

கடைசியாகப் பல். ஓணான் குடும்பமான அகாமிடேவிலும் பச்சோந்திகளிலும் பெரும்பாலான பற்கள் தாடை எலும்பின் விளிம்பின் மேலேயே ஒட்டி வளர்ந்திருக்கும். இகுவானா, அனோலிஸ் கூட்டத்தில் பற்கள் தாடையின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். இது படத்தில் தெரியாது, மண்டையோடு கையில் இருந்தால்தான் உதவும். அப்படியானால் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஓணானையும் இகுவானாக் கூட்டத்தையும் எப்படிப் பிரிப்பது? பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான். அகாமிடே ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாப் பக்கம். மற்றது அமெரிக்கக் கண்டங்களில், அதோடு மடகாஸ்கரிலும் பிஜித் தீவுகளிலும்.

ஆனால் மனிதர்கள் பல்லிகளைக் கொண்டுபோய்ப் பல இடங்களில் விட்டிருக்கிறார்கள். அனோலிஸ் சாக்ரெய் தைவானிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்டது. இகுவானா இகுவானாவும் சிங்கப்பூரில் இருக்கிறது. துறைமுக நகரத்திலோ பூங்காவிலோ எடுத்த படம் என்றால் இடத்தை மட்டும் நம்பிக் குடும்பம் எழுதாதீர்கள்.

5. பேரினம்: செதிலின் திசை நிறைய சொல்லும்

குடும்பம் உறுதியான பிறகுதான் இது. ஒவ்வொரு குடும்பத்திலும் பார்க்க வேண்டிய உறுப்பு வேறு. நான் அதிகம் கையாண்டது அகாமிடே என்பதால் அதையே விரித்துச் சொல்கிறேன்.

விலாவில் தோல் இறக்கை மாதிரி விரிந்து, அதை நீண்ட விலா எலும்புகள் தாங்கினால் அது டிராக்கோ, பறக்கும் ஓணான். இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விலாப்பக்கப் படத்தை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் அதுதான்.

இறக்கை இல்லையென்றால் விலாச்செதில்களின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். நம் சாதாரணத் தோட்டத்து ஓணானான கலோட்டஸ் வெர்சிகலரிலும் அதன் நெருங்கிய உறவுகளிலும் முனை பின்னோக்கி மேலே சாய்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் எல்லியோட்டி, ரூக்ஸி இரண்டிலும் பின்னோக்கிக் கீழே சாய்ந்திருக்கும். இந்த இரண்டையும் நெடுங்காலம் கலோட்டஸ் என்றே எழுதி வந்தோம். 2018இல் இவற்றுக்கு மோனிலிசாரஸ் என்று புதுப் பேரினம் அமைத்தார்கள். அதே ஆய்வில் ஆரான்டோலேபியம் என்ற சிற்றினமும் கலோட்டஸிலிருந்து பிரிந்து மைக்ரோஆரிஸ் என்ற பேரினத்துக்குப் போனது. உங்கள் கையேடு 2018க்கு முன் அச்சானது என்றால் இந்த மூன்றும் அதில் பழைய வீட்டில்தான் இருக்கும்.

தோளுக்கு முன்னால் தோல் மடிப்போ குழியோ இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெர்சிகலரில் அது இல்லை. நெமோரிகோலா, கிராண்டிஸ்குவாமிஸ் போன்ற காட்டு இனங்களில் உண்டு. தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் படத்தில் எந்த ஓணானுக்கும் அங்கே ஒரு மடிப்பு விழும். கழுத்து நேராக இருக்கும் படத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

6. சிற்றினம்: திறவுகோலை எப்படிப் பயன்படுத்துவது

அடையாளத் திறவுகோல் என்பது ஒவ்வொரு படியிலும் இரண்டு வாசல் வைத்திருக்கும் வீடு. இது இருந்தால் மூன்றாம் எண்ணுக்குப் போ, இல்லையென்றால் ஏழாம் எண்ணுக்குப் போ என்று அனுப்பும். இதில் புதியவர்கள் செய்யும் தவறுகளைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒன்று, இரண்டு வாசலையும் வாசிக்காமல் முதல் வாசல் பொருந்துகிறது என்று நுழைந்துவிடுவது. 'செவிப்பறைக்கு மேல் முட்கள் உண்டு' என்று முதல் வரி சொல்லும், 'முட்கள் வரிசையாக ஒட்டி நிற்கும்' என்று இரண்டாவது வரி சொல்லும். இரண்டிலும் முள் உண்டு. கலோட்டஸ் கலோட்டஸில் அது சீப்பு மாதிரி வரிசை. வெர்சிகலரில் தனித்தனியாக இரண்டு சிறு முள் கொத்துகள். வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. இரண்டு வரியையும் சேர்த்து வாசித்தால்தான் அது தெரியும்.

இரண்டு, திறவுகோலின் எல்லையைப் பார்க்காதது. ஒரு நாட்டின் பல்லிகளுக்கு எழுதிய திறவுகோலில் பக்கத்து நாட்டுப் பல்லியைப் போட்டாலும் அது ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்துவிடும். 'இது என் பட்டியலில் இல்லை' என்று சொல்ல அதற்குத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளுக்கும் இதே நோய்தான். செயலியைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சொன்ன பெயரை உறையில் போட்டு வைத்துவிட்டு, திறவுகோலில் முடித்த பிறகு பிரித்துப் பாருங்கள்.

மூன்று, நிறம். நிமிடத்தில் மாறும் நிறத்தை அடையாளமாக எடுக்கக் கூடாது. அனோலிஸ் கரோலினென்சிஸ் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிவிடும். அந்த நேரத்தில் அதைப் பழுப்பு நிற இனமான அனோலிஸ் சாக்ரெய் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா நிறமும் பயனற்றது என்றும் இல்லை. டிராக்கோ ஆணின் தொண்டைச் சவ்வின் நிறமும் இறக்கையின் கோலமும் சிற்றினத்தைப் பிரிக்க உதவும். அனோலிஸின் தொண்டைச் சவ்வும் அப்படியே. உடல் நிறம் ஓடும், சவ்வின் கோலம் நிற்கும்.

நான்கு, குஞ்சையும் பெண்ணையும் ஆணுக்கு எழுதிய விளக்கத்தோடு ஒப்பிடுவது. முதுகு முகடும் தொண்டைச் சவ்வும் ஆணில்தான் பெரிதாக இருக்கும். முகடு சிறியது என்பதற்காக வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஐந்து, எண்ணும் முறை. உடல் நடுவில் செதில் வரிசைகளை எண்ணச் சொன்னால், முன்கால் இடுக்குக்கும் பின்கால் இடுக்குக்கும் சரிநடுவில் எண்ண வேண்டும். தொடங்கிய செதிலை அடையாளம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் சுற்றி வந்து இரண்டு செதிலைக் கூடுதலாக எண்ணிவிடுவோம். உதட்டுச் செதில் என்றால் இடது, வலது இரண்டையும் எண்ணித் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் வேறாக இருப்பது சாதாரணம். நான் மூன்று முறை எண்ணுவேன். மூன்றும் ஒத்துப்போகும் வரை எழுதுவதில்லை.

அப்புறம், திறவுகோல் ஒரு பெயரைக் கொடுத்ததும் எழுந்துவிடாதீர்கள். அந்தச் சிற்றினத்தின் முழு விளக்கத்தை எடுத்து, திறவுகோலில் கேட்கப்படாத நாலைந்து அடையாளங்களையாவது ஒப்பிடுங்கள். உதாரணமாக இகுவானா இகுவானாவுக்குச் செவிப்பறையின் கீழே ஒரு பெரிய வட்டச் செதில் இருக்கும். இகுவானா டெலிகாட்டிசிமாவுக்கு அது இருக்காது. இப்படி ஒரே ஒரு செதில் உங்கள் முடிவைக் கவிழ்த்துவிடலாம்.

7. எங்கே நிறுத்துவது

பேரினம் வரை உறுதி, அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பேரினப் பெயரை எழுதி 'எஸ்பி' என்ற சுருக்கத்தைப் போடுங்கள். 'இந்தச் சிற்றினம் மாதிரி இருக்கிறது, ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும்' என்றால் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் 'சிஎஃப்'. 'இதற்கு நெருங்கியது, ஆனால் இது அல்ல' என்று தோன்றினால் 'ஏஎஃப்எஃப்'. இந்த மூன்றையும் சாய்வெழுத்தில் எழுதக் கூடாது.

இதைத் தோல்வி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று பக்கத்து மாவட்டத்தில் கிடைத்த பெயரைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். தவறான சிற்றினப் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. 'எஸ்பி' என்று இருப்பதை யாராவது ஒருநாள் எடுத்துப் பார்ப்பார்கள்.

8. பெயர் இன்றைக்கும் செல்லுமா என்று பாருங்கள்

கிடைத்த பெயரை அப்படியே எழுதக் கூடாது. ரெப்டைல் டேட்டாபேஸ் (ஊர்வனப் பெயர்களின் இணையத் தளம்) போன்ற நடப்புப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். அங்கே மூன்றில் ஒன்று நடக்கும். பெயர் அப்படியே இருக்கும். அல்லது பேரினம் மாறியிருக்கும், எல்லியோட்டி போல. அல்லது அது வேறொரு பெயரின் ஒத்தபெயர் என்று எழுதியிருக்கும்.

ஒத்தபெயர் எப்படி வருகிறது? ஒரே விலங்குக்கு இரண்டு பேர் தெரியாமல் தனித்தனியாகப் பெயர் வைத்துவிடுவார்கள். விதி எளிது: முதலில் வெளியானது நிற்கும். விலங்கியலில் இந்தக் கணக்கு 1758ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் எண்ணிக்கையில் வராது. பிந்திய பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலுக்குப் போகும்.

ஆனால் அந்தப் பட்டியலைக் குப்பை என்று நினைக்காதீர்கள். கலோட்டஸ் வெர்சிகலர் ஈரான் பக்கத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிய ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எழுதினோம். மரபணுவையும் உடலையும் சேர்த்து ஆராய்ந்து 2021இல் அந்தக் கூட்டத்தைப் பிரித்தார்கள். அப்போது வல்டுவோசஸ் என்ற 1825ஆம் ஆண்டுப் பெயரை ஒத்தபெயர்ப் பட்டியலிலிருந்து எழுப்பி, கங்கைச் சமவெளிப் பக்கத்து ஓணானுக்குக் கொடுத்தார்கள். வடமேற்கே பாகிஸ்தான் பக்கத்தில் இருப்பது ஃபரூக்கி. மியான்மரிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட இரவாடி ஏற்கெனவே தனியாக நின்றது.

அப்படியானால் 'வெர்சிகலர்' என்ற பெயர் யாருக்கு? இங்கேதான் மூலமாதிரி வருகிறது. பெயர் ஒரு வரையறையோடு கட்டப்பட்டதல்ல. அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டது. அந்த உடல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ அந்தக் கூட்டத்துக்குத்தான் பெயர். வெர்சிகலரின் பழைய மாதிரி கிடைக்கவில்லை என்பதால் 2016இல் புதுச்சேரியிலிருந்து ஒரு மாற்று மூலமாதிரியை நியமித்தார்கள். அதனால் பெயர் தென்னிந்திய ஓணானோடு தங்கிவிட்டது.

என் பழைய பதிவேட்டில் பக்கம் பக்கமாக வெர்சிகலர் என்று எழுதியிருந்தேன். பிரிப்பு வந்த பிறகு திருத்த உட்கார்ந்தபோது, சரியான இடக்குறிப்பும் விலாப்பக்கப் படமும் இருந்த வரிகளை மட்டும்தான் மீட்க முடிந்தது. மற்றவை இப்போது 'கலோட்டஸ் எஸ்பி'. முதல் படியில் இடத்தைப் பற்றி அவ்வளவு கறாராகச் சொன்னது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் ஒரே வகைப்பாட்டை ஏற்பதில்லை. நானூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட அனோலிஸை எட்டுப் பேரினங்களாகப் பிரிக்க வேண்டும் என்று 2012இல் ஒரு முன்மொழிவு வந்தது. அதனால் அனோலிஸ் சாக்ரெய், நோரோப்ஸ் சாக்ரெய் இரண்டையும் நூல்களில் பார்ப்பீர்கள். இரண்டும் விதிப்படி சரியான பெயர்கள்தான். எத்தனை பேரினம் என்ற கருத்தில்தான் வேறுபாடு. எந்தப் பட்டியலை, எந்தத் தேதியில் பார்த்துப் பின்பற்றினீர்கள் என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றாதீர்கள்.

9. பெயரை எழுதும் முறை

பேரினத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்து, சிற்றினம் முழுவதும் சிறிய எழுத்து, ஆள்பெயரிலிருந்தோ ஊர்ப்பெயரிலிருந்தோ வந்ததாக இருந்தாலும். இரண்டும் சாய்வெழுத்தில். கையால் எழுதினால் அடிக்கோடு.

அதன் பின் பெயரிட்டவர், காற்புள்ளி, ஆண்டு. இங்கே அடைப்புக்குறி அலங்காரம் அல்ல, அது ஒரு செய்தி. டிராக்கோ வோலன்ஸ் லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது என்று பொருள். கலோட்டஸ் வெர்சிகலர் (டௌடின், 1802) என்று இருந்தால், டௌடின் அதை வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு மாறியது என்று பொருள்; அவர் வைத்தது அகாமா. எல்லியோட்டியையே பாருங்கள். கலோட்டஸ் எல்லியோட்டி குந்தர், 1864 என்று இருந்தது இன்று மோனிலிசாரஸ் எல்லியோட்டி (குந்தர், 1864). பேரினத்தை மாற்றிவிட்டு அடைப்புக்குறியைப் போட மறப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை.

பேரினம் மாறும்போது சிற்றினப் பெயரின் ஈறும் மாறலாம். சிற்றினப் பெயர் லத்தீன் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஒத்துப்போக வேண்டும். பூலெஞ்சர் 1891இல் லைகோசோமா சப்செருலியம் என்று வைத்த மரஅரணை இன்று டேசியா சப்செருலியா. ஆள்பெயரிலிருந்து வந்த ஈறுகள் மாறாது: சாக்ரெய் எங்கே போனாலும் சாக்ரெய்தான். அதேபோல ரூக்ஸியின் ஈற்றில் இரண்டு 'ஐ' எழுத்து இருக்கிறது. ஒன்று கூடுதல் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். முதலில் எப்படி எழுதினார்களோ அப்படியேதான்.

எழுத்துக்கூட்டலில் எனக்குப் பிடித்த பொறி கெக்கோ கெக்கோ. தமிழில் இரண்டும் ஒன்றுதான். ரோமனில் பேரினத்துக்கு இரண்டு 'கே', சிற்றினத்துக்கு ஒரு 'சி', ஒரு 'கே'. இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் தேடலில் கிடைக்காது. இரண்டு சொல்லும் ஒன்றாக இருப்பது தவறோ என்று சிலர் கேட்பார்கள். விலங்குகளில் அது ஆகும், இகுவானா இகுவானா போல. தாவரங்களில்தான் ஆகாது.

தாவரம் என்றதும் இன்னொன்று. விலங்குக்கும் தாவரத்துக்கும் பெயரிடல் விதித்தொகுப்பு தனித்தனி. எனவே ஒரே பேரினப் பெயர் இரண்டிலும் இருக்கலாம். டிராசீனா என்று தேடினால் தொட்டிச்செடிகள் வந்து குவியும். தென்னமெரிக்காவின் மரமேறும், நீரில் நீந்தும் ஒரு பெரிய பல்லியின் பேரினமும் டிராசீனாதான். தேடும்போது குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. வகைப்பாட்டு ஏணியை நிரப்புவது

இது சுலபம், ஈறுகள் தெரிந்தால் போதும். குடும்பம் 'இடே' என்று முடியும், துணைக்குடும்பம் 'இனே' என்று முடியும், பெருங்குடும்பம் 'ஒய்டியா' என்று முடியும். கலோட்டஸுக்கு: வகுப்பு ரெப்டிலியா, வரிசை ஸ்குவாமாட்டா, குடும்பம் அகாமிடே, துணைக்குடும்பம் டிராக்கோனினே. இவை முதல் எழுத்து பெரியதாக, நேரெழுத்தில் வரும். சாய்வு பேரினத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அனோலிஸின் குடும்பமான டாக்டிலொய்டே பலரை ஏமாற்றும். பார்த்தால் பெருங்குடும்ப ஈறு மாதிரி இருக்கும். டாக்டிலோவா என்ற பேரினப் பெயரோடு 'இடே' சேர்ந்ததுதான் அது. பழைய நூல்களில் அனோலிஸ் இகுவானிடேவில் இருக்கும், பிறகு பாலிகுரோட்டிடேவில் இருக்கும். அண்மைக் காலத்தில் அனோலிடே என்றும் எழுதுகிறார்கள். எட்டாம் படியில் தேர்ந்தெடுத்த பட்டியலையே இங்கும் பின்பற்றுங்கள்.

பழைய கையேடுகளில் 'லேசர்டிலியா' என்று பல்லிகளுக்கு ஒரு துணைவரிசை இருக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். பாம்புகள் பல்லிகளின் குடும்ப மரத்துக்குள்ளிருந்தே கிளைத்தவை. ஓணானுக்கு மரப்பல்லியை விடப் பாம்பு நெருங்கிய சொந்தம் என்பதே மரபணு ஆய்வுகளின் முடிவு. பாம்பை விலக்கிவிட்டுப் பல்லிகளை மட்டும் ஒரு கூட்டமாகக் கட்டினால் அது வம்சக் கூட்டமாக இருக்காது.

11. எந்தப் பெயரும் பொருந்தவில்லை என்றால்

புதிய இனம் என்று உடனே குதிக்க வேண்டாம். முதலில் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நான் பார்த்த 'புதிய இனங்களில்' பெரும்பாலானவை குடும்பத்தையோ பேரினத்தையோ தவறாகப் பிடித்ததால் பிறந்தவை. அடுத்து, வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியதாக இருக்குமா என்று பாருங்கள். பிறகு ஒத்தபெயர்ப் பட்டியலில் அந்தப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட பழைய பெயர் ஏதாவது தூங்குகிறதா என்று பாருங்கள், வல்டுவோசஸ் தூங்கியது போல.

எல்லாம் தாண்டியும் நின்றால், முறையாகப் பெயரிடுவது தனி ஆள் வேலை இல்லை. விலங்கியல் பெயரிடல் விதிகளின் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி புதிய இனம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், வேறுபடுத்தும் அடையாளங்களை எழுத வேண்டும், மூலமாதிரியைக் குறிப்பிட்டு அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்ல வேண்டும், முறையான வெளியீட்டில் வர வேண்டும். மின்வெளியீடு 2012 முதல் செல்லும், ஆனால் சூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடு) பதிவு இருக்க வேண்டும்.

அதுவரை மனதில் வைத்திருக்கும் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள், படத்தின் கோப்புப் பெயரில்கூட. விளக்கம் இல்லாமல் வெளியே கசிந்த பெயர் 'வெற்றுப்பெயர்' ஆகிவிடும். அதற்கு விதிப்படி எந்த உரிமையும் இல்லை, பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் மட்டும் மிஞ்சும். பேரினம், 'எஸ்பி', இடம், தேதி என்று எழுதி, ஐந்து படங்களோடு அந்தப் பேரினத்தில் வேலை செய்யும் ஆய்வாளருக்கு அனுப்புங்கள். அவர் முதலில் கேட்கப்போவது வயிற்றுப் பக்கப் படம். அது இல்லையென்றால், மறுபடி அந்த மரத்தடிக்குப் போக வேண்டியதுதான்.